சமூகக் கல்விப் பாடமும் கற்பித்தற் சாதனங்களின் பகிர்வும் — ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் இடைநிலைக் கல்வி வரலாற்றில் 1972 ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு ஆறாம் வகுப்பில் தொடங்கிய புதிய பாடவிதானத்தின்படி, அதுவரை தனித்தனியே கற்பிக்கப்பட்ட புவியியல், வரலாறு, குடியியல் என்பன 'சமூகக் கல்வி' என்னும் ஒருங்கிணைந்த பாடமாயின. இம்மாற்றம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பாட உள்ளடக்கத்தோடு நின்றுவிடுகின்றன. புதிய பாடமொன்றுக்கு வேண்டிய நூலையும் படத்தையும் குறிப்பையும் ஆக்கியோர் யாவர், அவை எவரிடையே பகிரப்பட்டன என்னும் வினா அடிப்படையானது. கொழும்பின் தமிழ்மொழிமூலக் கல்வியை முன்னிறுத்தி அதனை இங்கு நோக்குவோம்.

சீர்திருத்தத்தின் சமூகப் பின்னணி தெளிவானது. கற்றும் வேலையற்றிருந்த இளைஞரின் விரக்தி 1971 ஏப்பிரற் கிளர்ச்சியில் வெடித்தது. கல்விக்கும் வேலைவாய்ப்புக்குமிடையே இருந்த பொருத்தமின்மையை, டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழுவும் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டிற்று. இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் கல்வி அமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். மாணவன் தன் சூழலிலிருந்து கற்கத் தொடங்கவேண்டும் என்னும் கொள்கை அப்போது முதன்மை பெற்றது.

கொள்கையளவில் இது முற்போக்கானதே. கொட்டாஞ்சேனை மாணவனுக்குத் துறைமுகமே பாடநூலாக அமையலாம். 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டமை, அதன்பின் காலித் துறைமுகம் பின்தள்ளப்பட்டமை, துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்புகள் அயலிற் பெருகியமை ஆகிய யாவும் ஒரே பாடத்துள் அடங்குவன. வெள்ளவத்தையிலோ கால்வாயும் கரையோரப் புகையிரதப் பாதையும் உள்ளன; முன்னர் நெசவாலையும் இருந்தது. அவ்வாலையில் 1933 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை விடுத்து அவ்வூரின் புவியியலை எழுதுதல் முழுமையாகாது. இடமும் உழைப்பும் பிரிக்க முடியாதவை என்பதை உணர்த்த இதனினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை.

ஆயின் இத்தகைய பாடத்தை எந்த மத்திய நிறுவனமும் அச்சிட்டு அனுப்ப இயலாது. ஆசிரியரே தேடித் தொகுக்கவேண்டும். ஒருவர் தொகுத்தது மற்றவருக்குப் பயன்படவேண்டும். அதாவது, இப்பாடவிதானம் கூட்டுழைப்பை அவாவி நின்றது. அதற்கான பொருளாதார அடித்தளம் எத்தகையது என்பதே கேள்வி.

முதலாவது தடை மொழிசார்ந்தது. 1945 இல் ஆரம்ப வகுப்புகளுக்கு வந்த தாய்மொழிப் போதனை, 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கு ஏறி, 1960 இற் பல்கலைக்கழகக் கலைத்துறையை எட்டியது. 'பூமிசாத்திரம்' புவியியலாயிற்று, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும் வெளிவந்தன. எனினும் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படங்களில் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழிற் கற்ற மாணவன் தன் ஊரையே அந்நிய எழுத்திற் படிக்க நேர்ந்தது. இரண்டாவது தடை பொருள்சார்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. தேசப்படத் தொகுதியும் காகிதமும் எல்லாப் பாடசாலைக்கும் ஒரே அளவில் எட்டும் பொருள்களாக இருக்கவில்லை. நூலும் செய்தித்தாளும் வீட்டிலுள்ள எழுதுவினைஞரின் பிள்ளைக்கும், ஒற்றை அறையில் வாழும் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் 'சூழலிலிருந்து கற்றல்' ஒன்றாக அமையாது.

இவ்விடைவெளியைத் தனிமனிதர் உழைப்பு ஓரளவு நிரப்பியது. யாழ்ப்பாணத்தில் க. குணராசா (செங்கை ஆழியான்) எழுதிய புவியியல் நூல்கள் தமிழ் மாணவரிடையே பரவின. றோணியோவில் எடுத்த குறிப்புகள் கைமாறின. எனினும் தனிமனிதர் தொண்டு நிறுவனத்தின் இடத்தைப் பெறாது. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்திற் புகுந்த தரப்படுத்தல் போட்டியைக் கூர்மையாக்கிற்று. 1975 இல் முதன்முறை நடந்த தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரப் பரீட்சை, 1977 ஆட்சி மாற்றத்தின்பின் கைவிடப்பட்டுப் பழைய க.பொ.த. சாதாரண தரம் மீண்டது. பரீட்சையே குறியான இச்சூழலில், ஆசிரியரிடையே பகிரப்படவேண்டிய குறிப்பு தனியார் வகுப்புகளில் விலைபெறும் பண்டமாயிற்று. குறிப்பின் உள்ளடக்கம் மாறாதிருக்க, அதன் சமூக உறவு மாறிற்று. வெள்ளவத்தையில் இன்று காணும் தனியார் கல்வி நிலையங்களின் வளர்ச்சியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் தகும்.

1980 இல் தொடங்கிய இலவசப் பாடநூல் வழங்கல் உண்மையான முன்னேற்றமே. ஆனால் பாடநூல் ஒன்றே சாதனமன்று. 2007 இல் தொடங்கிய மாற்றத்தில் வரலாறும் புவியியலும் மீண்டும் தனிப் பாடங்களாயின. சாதனங்களைப் பகிரும் பிரச்சினை தீரவில்லை. 1972 இன் சீர்திருத்தவாதிகள் அறிவின் உள்ளடக்கத்தை மாற்ற முனைந்தனர். அறிவு ஆக்கப்படும் முறையை மாற்ற முனையவில்லை. அவர்களை ஆதரித்த இடதுசாரிகளும் இதனைப் போதியளவு உணரவில்லை என்பதை நாம் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் ஊர்தோறும் பொதுச் சாதனத் தொகுப்புகளை உருவாக்குமாயின், கொட்டாஞ்சேனையில் எழுதப்படும் துறைமுகப் பாடம் வெள்ளவத்தையில் விலையின்றிக் கிடைக்கும். கல்வி இலவசம் என்னும் கூற்று அப்போதே முழுப்பொருள் பெறும்.