நாளிதழ் வரி விளம்பரங்களும் பதிவுறாத ராக் நிகழ்ச்சிகளும்: லிவர்பூல் குழுக்கள், 1957–1961

நிகழ்த்துகலை நிகழ்ந்து முடிந்த அளவிலேயே மறையும் இயல்பினது. ஒலிப்பதிவு எஞ்சாத நிகழ்ச்சிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு நாளிதழின் உட்பக்கங்களில் வெளிவந்த வரி விளம்பரங்களே பல வேளைகளில் எழுத்துச் சான்றாக அமைகின்றன. அச்சான்று எதனை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்காது என்பதைப் பீட்டில்ஸ் குழுவின் தொடக்க கால நிகழ்ச்சிகளைக் கொண்டு தெளியலாம்.

இக்குழுவினர் புகழ்பெறுமுன் லிவர்பூல் நகரின் நடன அரங்குகளிலும் நிலவறை மன்றங்களிலும் நிகழ்த்தியவற்றுள் மிகப் பலவற்றிற்கு ஒலிப்பதிவு இல்லை. மார்க் லூயிசன் அவற்றை நாள்வாரியாகத் தேடித் தொகுத்து 1986இல் 'தி பீட்டில்ஸ் லைவ்!' என்னும் நூலாக வெளியிட்டார். வட்டார இதழ்களின் பழைய தொகுதிகள் இத்தகைய தொகுப்பிற்கு இன்றியமையாதன.

நேரில் கண்டோர் நினைவே போதாதா என்னும் வினா எழலாம். ஜான் லெனனின் குவாரிமென் குழு வுல்டன் தூய பேதுரு ஆலயத் தோட்ட விழாவில் பாடிய நாளில்தான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர். குழுவினரின் ஒப்புதலுடன் ஹண்டர் டேவிஸ் எழுதி 1968இல் வெளிவந்த வரலாறு அந்நாளை 1956 ஜூன் 15 எனக் குறித்தது. விழாவிற்கென அச்சிடப்பட்ட நிகழ்ச்சி நிரலோ 1957 ஜூலை 6, சனிக்கிழமை என்கிறது. சந்திப்பு நிகழ்ந்து 11 ஆண்டுகளே கழிந்திருந்தன. சந்தித்த இருவரும் இளமையுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர். எனினும் ஓராண்டிற்கு மேற்பட்ட பிழை நேர்ந்தது. 1956 ஜூன் 15 வெள்ளிக்கிழமை. கிழமையை ஒப்பிட்டிருப்பின் ஐயம் அன்றே தோன்றியிருக்கும். கல்வெட்டுக் காலக்கணிப்பில் கிழமை, திதி, நாண்மீன் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆண்டினை உறுதிசெய்யும் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் முறையை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று.

எனினும் விளம்பரத்தை முழுதும் நம்புதலும் இடர்ப்பாடுடையது. கேவர்ன் மன்றத்தில் 1957 ஆகஸ்ட் 7இல் குவாரிமென் பாடினர். அப்போது குழுவில் சேர இசைந்திருந்த மெக்கார்ட்னி சாரணர் முகாமிற்குச் சென்றிருந்தமையால் மேடையேறவில்லை. விளம்பரம் குழுவின் பெயரைத் தருமேயன்றி ஆட்களைத் தருவதில்லை. 1960 மே 3இல் லிவர்பூல் ஸ்டேடியத்தில் ஜீன் வின்சென்டுடன் எடி காக்ரன் பாடுவார் என அறிவிக்கப்பட்டிருந்தது. காக்ரன் சாலை விபத்திற்குள்ளாகி ஏப்ரல் 17இல் மறைந்தார். உள்ளூர்க் குழுக்களையும் சேர்த்து நிகழ்ச்சி நடந்தேறியது. முதல் அறிவிப்போடு நின்றுவிடும் ஆய்வாளர் இறந்தவரைப் பாடவைத்தவராவார்! விளம்பரம் நிகழ்த்தும் கருத்திற்கே சான்று. நிகழ்ந்ததற்குச் சான்று வேறாகத் தேடப்பட வேண்டும்.

பெயர் வேறுபாடும் கருதத்தக்கது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் இக்குழு ஜானி அண்ட் தி மூன்டாக்ஸ், பீட்டல்ஸ், சில்வர் பீட்ஸ், சில்வர் பீட்டில்ஸ் எனப் பலவாறு பெயர் மாறியது. எழுத்துக்கூட்டலும் நிலையாக இல்லை. ஒரே பெயரைக் கொண்டு கணினியில் தேடுவோர்க்கு இவ்விளம்பரங்கள் அகப்படா. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காண்பார்க்குரிய பொறுமை இங்கும் வேண்டப்படுகிறது.

விளம்பரமே இல்லாத நிகழ்ச்சியும் உண்டு. 1961 டிசம்பர் 9இல் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஆல்டர்ஷாட் நகரில் பீட்டில்ஸ் பாடினர். உள்ளூர் இதழுக்கு அனுப்பிய விளம்பரம் வெளிவரவில்லை. வந்தோர் 18 பேர். அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்கள் இருத்தலாலும் பாடியோர் பின்னர்ப் பெரும்புகழ் எய்தியமையாலும் அந்நாள் வரலாற்றில் இடம்பெற்றது. அதே ஆண்டுகளில் அதே அரங்குகளில் பாடி, புகழெய்தாது கலைந்த குழுக்களைப் புகைப்படம் எடுத்தாரும் அரியர், நினைவுகூர்ந்து நூல் எழுதினாரும் அரியர். அத்தகைய குழு ஒன்றின் விளம்பரம் அச்சேறாமற் போயிருப்பின், அன்றைய அதன் பாட்டைத் தேடிக் கண்டடைய எவ்வழியும் இல்லை.