கரையும் துணியும் நிலைக்கும் நூலும்

விருந்தினர் வரும் வீட்டிலே பூச்சாடியின் அடியிலும் தட்டத்தின் மேலும் விரிக்கப்படும் வட்டமான சிறு துணியை யாவரும் அறிவர். டொயிலி என வழங்கும் அதன் பெயர், 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரிற் புடைவைக்கடை நடத்திய வணிகர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. அதன் விளிம்பை அணிசெய்யும் ரேந்தை என்னும் பின்னலின் பெயரோ போர்த்துக்கேய மொழி தந்தது. ஒரு சாண் துணியிலே இரு தேசங்களின் வரலாறு மடிந்து கிடக்கின்றது.

ஆதியில் ரேந்தை முற்றும் கைவேலையாகவே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் ஊசியாலும், பிளாண்டர்ஸ் நாட்டினர் நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளாலும் அதனைப் பின்னினர். இலங்கையின் தென்கரையிற் காலி, வெலிகம முதலிய ஊர்களிலே பீரலு என இன்றும் பின்னப்படுவது இம்மரக்கட்டை ரேந்தையே. விரற்கடை நீளம் பின்னுவதற்கும் நெடுநேரம் செல்லுமாதலால், அது நெடுங்காலம் செல்வர்க்கே உரிய பொருளாயிருந்தது.

1828இல் முலூஸ் நகரத்து ஹைல்மான் என்பார் பூத்தையற் பொறியொன்றை அமைத்தார். பெருப்பித்து வரைந்த சித்திரத்தின்மேல் தொழிலாளி ஒரு முனையை நகர்த்த, பல ஊசிகள் அதனைச் சிறிய அளவில் ஒரே வேளையில் துணியிலே தைத்தன. 1863இல் சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஐசாக் குரோப்லி, தையற் பொறியைப் பின்பற்றி, ஊசிநூலும் ஓடநூலும் பிணையும் புதிய பொறியைக் கண்டார். அதன் ஓடம் படகுபோன்றிருந்தமையால், சிறு படகு எனப் பொருள்படும் ஷிஃப்லி என்னும் பெயரைப் பொறியும் பெற்றது.

ஆயினும் ஒரு தடை நின்றது. பூத்தையலுக்குத் துணி வேண்டும். ரேந்தையிலோ துணியே இல்லை, நூலும் வெளியுமே உள்ளன. 1880களில் இதற்கு வழி பிறந்தது. பட்டுத்துணியிலே பருத்தி நூலால் நெருங்கத் தைத்து, அதனைக் காரநீரில் இட்டனர். பட்டுக் கரைந்தது, பருத்திப் பின்னல் எஞ்சியது. இம்முறையிற் பெயர்பெற்ற ஜேர்மனியின் பிளவன் நகரத்து ரேந்தை 1900இல் பாரிஸ் கண்காட்சியில் உயர்ந்த பரிசு பெற்றது. செல்வர் மாளிகையில் இருந்த விளிம்பு எளியோர் மேசைக்கும் வந்தது.

அம்மலிவிற்கு விலை கொடுத்தவர் யாவர்? கிழக்குச் சுவிற்சலாந்தின் குடியானவர் வீடுகளில் ஹைல்மான் வகைப் பொறிகள் பல ஓடின. ஒரு பொறிக்கு 300க்கு மேற்பட்ட ஊசிகள். நூல் தீருந்தோறும் அவற்றிற்கு மீண்டும் நூல் கோத்தல் வேண்டும். அது பெண்டிரும் பிள்ளைகளும் செய்த வேலை. 1877ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்துவதைத் தடுத்தது. வீட்டின் கதவைத் தாண்டி அச்சட்டம் செல்லவில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் விளக்கொளியிலும் நூல் கோத்தனர். 1910 அளவிற் பூத்தையலே அந்நாட்டின் தலையாய ஏற்றுமதி. உலக உற்பத்தியிற் பாதிக்கு மேல் சென் கோலன் நகரைச் சூழ்ந்த பகுதியினது. 1914இல் மூண்ட போரும் பின்னர் மாறிய உடைநாகரிகமும் அத்தொழிலை வீழ்த்தின. பொறிகள் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன.

அம்முறை மட்டும் அழியவில்லை. இன்று காரநீர் வேண்டியதில்லை. வெந்நீரிலோ தண்ணீரிலோ கரையும் தாள் உண்டு. வட்டமாக வெட்டிய துணியை அத்தாளின்மேல் வைத்து, வளையத்தில் இறுக்கி, துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்தி, வீட்டுத் தையற் பொறியிலேயே விளிம்பைத் தைக்கலாம். முதலிற் துணியின் ஓரம். பின்பு தாளின்மேல் வலைபோன்ற குறுக்குத் தையல். அதன்மேற் பூவும் இலையும். ஒவ்வொரு தையலும் மற்றொன்றைப் பற்றியிருத்தல் வேண்டும். பற்றாத நூல், தாள் கரைந்ததும் குலைந்துவிடும்.

கழுவி உலர்த்தியபின் டொயிலியைக் காண்பவர் பூவைக் காண்பர். அதனைத் தாங்கிநின்று கரைந்த தாளைக் காணார். விளக்கடியில் ஊசி கோத்த சிறு விரல்களும் அவ்வாறே வரலாற்றின் பார்வையிலிருந்து கரைந்தன. அவற்றையும் நினைந்து பார்ப்பதே அப்பின்னலை முழுமையாகக் காண்பதாகும்.