கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ள ஒரு கோல்ஃப் மைதானம்

கோல்ஃப்ல 'லிங்க்ஸ்'னு ஒரு வகை மைதானம் உண்டு. ஸ்காட்லாந்து கடலோரத்துல விவசாயத்துக்கு ஆகாம கிடந்த மணல்மேடுதான் அதோட பூர்வீகம். நம்ம கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி நிலம்னு வச்சுக்குங்களேன். ஆடு மேய்ஞ்ச இடத்துல பொறந்த ஆட்டம்! வெள்ளைக்காரங்க அதை 1829லயே கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, வேலி போட்டு கிளப் ஆக்கிட்டாங்க.

1884ல சென்னையில ஆரம்பிச்ச ஜிம்கானா கிளப்போட கோல்ஃப் மைதானம் கிண்டியில, குதிரை ஓடுற வட்டத்துக்கு நடுவுல இருந்தது. நிலம் அரசாங்கத்தோடது. 160 ஏக்கர் சொச்சம், 1945லேர்ந்து 99 வருஷத்துக்கு ரேஸ் கிளப்புக்குக் குத்தகை. வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்கு இல்லீங்க, வருஷத்துக்கு! (சிப்காட் பக்கம் நாலு பேரா ஒரு ரூமை ஷேர் பண்றவங்க இதைப் படிச்சா வயிறு எரியும்.)

1970ல அரசு வாடகையை ஏத்தினது. அது கேஸாகி இழுத்துக்கிட்டே போய், 2023ல ஹைகோர்ட் 730 கோடி பாக்கியைக் கட்டச் சொல்லிச்சு. 2024 செப்டம்பர்ல குத்தகையை ரத்து பண்ணி கேட்டுக்குப் பூட்டு. வாடகைச் சண்டை குதிரைக்காரங்களோடதான், ஆனா நடுவுல இருந்த கோல்ஃப்காரங்களும் வெளிய. அவ்வளவு பெரிய பச்சையை ப்ளாட் போடாம இத்தனை வருஷம் வச்சிருந்தது இந்த கிளப்புகள்தான், அதையும் சொல்லணும். அந்த மழைக்காலத்துலயே, வேளச்சேரி பக்கம் வெள்ளம் போகாம இருக்க, அங்க குளம் வெட்டினாங்க.