காச்சிப் பாத்திமா

ஜொகூர் பாரு மருந்துக் கடைகளில் மாத்திரையாகவும் காப்பித்தூளாகவும் விற்கும் மலாய் மூலிகை. மலாயில் ‘காச்சிப்’ என்றால் பாக்குவெட்டி. பாத்திமா, நபிகளின் மகள் பெயர். ‘செலுசூ பாத்திமா’ என்றும் சொல்வர். ‘செலுசூ’ என்பது பிள்ளைப்பேற்றை எளிதாக்கக் கொடுக்கும் மருந்து. எதற்காக, எப்போது குடித்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது: பேறுகாலம் நெருங்கும்போது. பிள்ளை பெற்ற பின்னும் குடித்தார்கள். இன்றைய விளம்பரமோ மாதம் முழுக்கக் குடிக்கச் சொல்கிறது.

தாவரவியல் பெயர் லபிசியா புமிலா. ஆய்வகச் சோதனைகளில் இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் தன்மை காட்டியிருக்கிறது. தாவர ஈஸ்ட்ரோஜன்கள் நம் உடலின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளிலேயே போய் ஒட்டுகின்றன. இயற்கைச் சரக்கு என்பதால் ஏற்பி அதை ஒதுக்கிவிடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைத் தீவனச் செடியை மேய்ந்த செம்மறி ஆடுகள் சினைபிடிக்காமல் போனது 1946இல் ஆய்வாக வெளிவந்தது. காரணம் அந்தச் செடியிலிருந்த தாவர ஈஸ்ட்ரோஜன். ஆட்டுக்கு நேர்ந்தது அப்படியே பெண்ணுக்கும் நேரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைக்காகக் காத்திருப்பவர், கர்ப்பிணி, மார்பகப் புற்றுநோய் கண்டவர் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது என்பேன். பெட்டியில் ‘எம்ஏஎல்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் எண், பாரம்பரிய மருந்தாகப் பதிவானதைக் காட்டும்; நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அது சான்றல்ல.