வாகைச் சொல்லும் வரலாறும்

பந்தாட்டத்தில் ஒரு குழு வென்றால் 'வாகை சூடியது' என்று நாளிதழ் எழுதுகிறது. தேர்தலில் ஒருவர் வென்றால் 'வெற்றிக்கொடி நாட்டினார்' என்கிறது. தோற்றவரோ 'மண்ணைக் கவ்வினார்'. இச்சொற்கள் யாவும் போர்க்களத்தின் வழிவந்தவை. வாகைப் பூவைக் கண்ணால் கண்டறியாத மாணவனும் இன்று கட்டுரைப் போட்டியில் வாகை சூடுகிறான். இச்சொற்களின் வரலாற்றை அறிந்து கையாளுதல் ஆசிரியர் கடனாகும்.

தொல்காப்பியர் வகுத்த வாகைத் திணை போர் வெற்றியோடு நின்றுவிடவில்லை. அறிவரும் தவத்தோரும் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குதலும் அங்கு வாகையே. அதனை அடுத்து, நிலையாமையைக் கூறும் காஞ்சித் திணையை அவர் வைத்தார். புறநானூற்றிலும் இந்த நடுநிலை உண்டு. சோழர் இருவர் தம்முள் பொருதபோது, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் இடித்துரைத்தார். வென்றவனைப் பாடிய அதே புலவர் மரபு, வெற்றியின் விலையையும் எண்ணிப் பார்த்தது.

பேரரசுக் காலத்தில் இந்நிலை மாறிற்று. முதலாம் இராசராசன் தன் வெற்றிகளைக் கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தியாகப் பொறிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தினான். அவன் மகன் இராசேந்திரன் ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்தினான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிசயம், இலங்காசோகம், கடாரம் முதலிய ஊர்ப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கடாரத்து அரசனை அவனுடைய யானைப் படையொடு அகப்படுத்தியதைப் பெருமிதத்துடன் கூறுகிறது. 'கடாரம் கொண்டான்' என்பது அவனுக்கு விருதுப் பெயராயிற்று. அக்கடாரமே இன்றைய கெடா.

ஆயின், மெய்க்கீர்த்தி சொல்லாததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கினான். அக்கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் இராசேந்திரனே. படையெடுப்புக்குப் பின், 1090ஆம் ஆண்டில், கடாரத்து அரசனின் தூதுவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளியின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். ஆகவே கடாரத்தோடு சோழர் கொண்ட உறவு ஒரு போரில் தொடங்கி முடிந்ததன்று. வணிகமும் சமயமும் போரின் முன்னும் பின்னும் இருந்தன. வெற்றிச் சொல் ஒரு நாளைப் பாடுகிறது. வரலாறோ நூறாண்டைப் பார்க்கிறது.

இவ்விடத்தில் பரணி இலக்கியத்தின் மரபு ஒன்றும் எண்ணத்தக்கது. செயங்கொண்டார் பாடியது சோழர் பெற்ற வெற்றி. நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. தோற்ற நாட்டின் பெயரையே பரணி தாங்கும். எனவே வென்றவனைப் புகழும் நூலின் முகப்பிலேயே தோற்றவன் நிற்கிறான். இக்காலச் செய்தித் தலைப்பில் அவனுக்கு அவ்விடமும் கிடைப்பதில்லை.

நம் மண்ணிலும் இத்தகைய வெற்றி முழக்கம் எழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. வென்றவர் அதற்குச் சியோனான் என்று பெயரிட்டனர். 1943 அக்டோபரில் சயாம் இரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தபோது அவர்கள் விழா எடுத்தனர். அப்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1945 செப்டம்பர் 12இல் சிங்கப்பூரில் சப்பானியர் சரணடைய, வெற்றிச் சொல் கைமாறியது. மாண்டவர் குடும்பங்களுக்கு அச்சொல்லால் விளைந்தது என்ன? தோட்டத்து வீடுகளில் அவர்களின் வெற்றிடம் அப்படியே இருந்தது.

எனவே கடாரம் கொண்ட செய்தியை வகுப்பில் கூறும் ஆசிரியர், ஆனைமங்கலக் கொடையையும் உடன் கூறுதல் வேண்டும். நம் மாணவருட் பலர் கெடாவில் பிறந்தவர்கள். கொண்டவனின் மொழி அவர்களுக்குத் தாய்மொழி. கொள்ளப்பட்ட மண் அவர்களுக்குத் தாயகம். இரண்டையும் ஒருங்கே தாங்கும் வரலாறே அவர்களுக்குப் பொருந்தும். வாகை என்னும் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. அறிவரின் மேன்மையையும் வாகை என்ற தொல்காப்பியரின் பரந்த பொருளை அதற்கு மீட்டுத் தருவோமாக.