ஓர் எழுத்துப் பிழை சொன்ன சாட்சி



பிள்ளைகள் மொனோபொலிப் பலகையை விரித்தால் பெரியவர்களுக்கும் இருப்புக்கொள்ளாது. கணக்காளன் என்பதால் வங்கிப் பொறுப்பை எப்போதும் என் தலையில்தான் கட்டுவார்கள். ஆனால் இந்த விளையாட்டை உருவாக்கியவர் யார் என்ற கணக்கே நெடுங்காலம் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இம்மாதம் அதைப் பார்ப்போம்.

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த சார்ள்ஸ் டரோ என்ற அமெரிக்கர் இதைத் தானாகவே கண்டுபிடித்தார் என்பதுதான் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்ட கதை.

உண்மை வேறு. 1904 ஜனவரியில் எலிசபெத் மகீ என்ற பெண் 'நிலவுடைமையாளர் விளையாட்டு' என்ற பெயரில் காப்புரிமை பெற்றுவிட்டார். நிலம் வைத்திருப்பவர் உழைக்காமலே பணம் சேர்ப்பதையும், வாடகைக்காரர் தேய்ந்துபோவதையும் மக்கள் விளையாடியே விளங்கிக்கொள்ளட்டும் என்பது அவரது எண்ணம். நிலத்துக்கு மட்டும் வரி போதும் என்ற ஹென்றி ஜோர்ஜின் கருத்தில் ஊறியவர் அவர். பின்னர் இரண்டு வகை விதிகளை வகுத்தார். ஒன்றில் செல்வம் பெருகினால் எல்லோருக்கும் பங்கு. மற்றதில் ஒருவர் மற்ற எல்லோரையும் ஓட்டாண்டியாக்க வேண்டும். உலகம் பிடித்துக்கொண்டது இரண்டாவதை.

இந்த விளையாட்டு கையால் வரைந்த பலகைகளில் வீடு வீடாகப் பரவியது. அத்திலாந்திக் சிற்றியில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தவர் தங்கள் வீதிப் பெயர்களை அதில் எழுதினார்கள். 1932இல் சார்ள்ஸ் ரொட் என்பவர் அதை டரோவுக்குப் பழக்கினார். 1935இல் டரோ அதை பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றுக் கோடீஸ்வரரானார். அதே ஆண்டில் மகீயின் காப்புரிமையையும் அந்நிறுவனம் வாங்கியது. விலை 500 டொலர். விற்பனையில் பங்கு கிடையாது. 1948இல் மகீ காலமானபோது அவரைத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கணக்கைத் திரும்பத் திறந்தவர் ஓர் அகதி. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938இல் டான்சிக் நகரிலிருந்து அமெரிக்கா வந்த யூதச் சிறுவன் ரால்ஃப் அன்ஸ்பாக், பிற்காலத்தில் பொருளியல் பேராசிரியரானார். 1973இல் 'அன்ரி மொனோபொலி' என்ற விளையாட்டை வெளியிட்டார். பெயருக்காக நிறுவனம் எதிர்க்க, வழக்குத் தொடங்கியது. 1977இல் அவருடைய விளையாட்டுப் பெட்டிகள் பல்லாயிரம் மண்ணில் புதைக்கப்பட்டன. அவர் சோரவில்லை. டரோவுக்கு முன்பே விளையாடிய முதியவர்களைத் தேடிப்பிடித்தார். அவர்கள் வீடுகளில் பழைய பலகைகள் இருந்தன.

கணக்காளனான எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். மார்கேற், வென்ற்னர் என்ற இரு ஊர்ப் பெயர்களும் சேர்ந்து 'மார்வென் கார்டன்ஸ்' என்றொரு இடம் உண்டு. ரொட் தன் பலகையில் அதை 'மார்வின்' என்று பிழையாக எழுதியிருந்தார். டரோவின் பலகையிலும் அதே 'மார்வின்'! சரியான விடை இரண்டு பேரிடமும் இருக்கலாம். ஒரே பிழை இரண்டு பேரேட்டில் இருந்தால், ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது என்றே கணக்காய்வாளர் சந்தேகிப்பார்.

1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அன்ஸ்பாக் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மகீயின் பெயரும் வெளிச்சத்துக்கு வந்தது.

அன்ஸ்பாக்கிற்குக் கைகொடுத்தவை, யாரோ சிலர் எறியாமல் அலுமாரியில் வைத்திருந்த பழம் பொருட்கள். ஊரிலிருந்து வந்த கடிதம், படம், கையெழுத்துக் கொப்பி எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், அது யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.