உயரம் பாய்தலும் விழும் இடமும்

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தை ஈட்டினார். 1993 இல் கியூபா வீரர் சொட்டோமேயர் பாய்ந்ததோ 2.45 மீற்றர். இரண்டையும் அருகருகே வைத்து, “இவ்வளவுதானா நம்மவர்!” என நகைக்கும் நண்பர் சிலர் எமக்குளர். விழும் இடத்தை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

1968 இல், மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்க மாணவர் தடிக்கு முதுகு காட்டித் தலை முன்னாகப் பாய்ந்து, 2.24 மீற்றரில் தங்கம் வென்றார். உடல் வில்லென வளைவதால் தலை, முதுகு, கால் என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தடியைக் கடக்கின்றன. புவியீர்ப்பு மையமோ தடிக்குக் கீழாகவே செல்லக்கூடும். ஆகவே அதே உந்தலில் இன்னும் உயர்ந்த தடி கைகூடுகிறது. இச்சிறு கணக்கு முன்னோர்க்குத் தோன்றாதது ஏன்? மணலிலும் மரத்தூளிலும் கழுத்துப்பட விழுந்தவன் எழுந்து நடப்பது அரிது. காலோ கையோ முன்னே ஊன்றியாக வேண்டும். பொஸ்பரி பயின்ற மெட்போர்ட் பாடசாலையிலோ பஞ்சு மெத்தை இடப்பட்டிருந்தது.

இன்னொன்று. 1957 இல் ரூசிய வீரர் ஸ்ரெப்பானொவ் அடி தடித்த சப்பாத்தணிந்து 2.16 மீற்றர் பாய்ந்தபோது பெருங் கண்டனம் எழுந்தது. சாதனை அழிக்கப்படவில்லை, ஆனால் சப்பாத்தின் தடிப்பை அரை அங்குலத்துள் அடக்க விதி வந்தது. மெத்தையை எவரும் தடுத்திலர். சப்பாத்து ஒருவன் காலுக்குரியது, மெத்தை அங்கே பாயும் யாவர்க்கும் பொது என்பர். மெத்தை வாங்க வழியற்ற பாடசாலைப் பிள்ளைக்கு அதுவும் பொதுவன்று.